ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு நாவலின் வேர்

பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ நாவலைப் புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். அந்த நாட்களில் சாப்பாட்டு வேளை தவறியது. உள்ளேயிருந்து கூப்பிட்ட குரல் காதில் விழவில்லை. துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்த புதுச்சேரியில் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். கவர்னர் மாளிகைப் பேச்சு, கப்பல் வந்த செய்தி, ஊரார் முணுமுணுப்பு எல்லாம் பக்கத்துத் தெருவில் நடப்பதுபோல் இருந்தன. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஊரை ஒருவரால் இவ்வளவு நெருக்கமாக எப்படி எழுத முடிந்தது? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

பிரபஞ்சன் 1945இல் புதுச்சேரியில் பிறந்தவர், இயற்பெயர் வைத்திலிங்கம். ‘மானுடம் வெல்லும்’ நாவலை அடுத்து வந்த ‘வானம் வசப்படும்’ அவருக்கு 1995ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது. இரண்டுக்கும் ஊற்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. இதைப் பலரும் சொல்வார்கள். ஊற்றை நேரில் பார்க்க ஆசைப்பட்டு நாட்குறிப்பின் தொகுதிகளைக் கையில் எடுத்தேன்.

பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர்; பின்னர் துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரி 12 அன்று இறக்கும் காலம்வரை எழுதினார். அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கப்பல்களின் போக்குவரத்தையும் எழுதுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார், சொன்னபடி செய்கிறார். யார் யாரைப் பார்க்க வந்தார், என்ன வெகுமதி கைமாறியது, எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள் என்று ஒன்றையும் விடுவதில்லை. நடையோ பேச்சுத் தமிழ். பிரெஞ்சும் போர்த்துக்கீசும் தெலுங்கும் இந்துஸ்தானியும் அதில் தாராளமாகக் கலந்து வருகின்றன. நாவலில் என்னைக் கட்டிப்போட்ட அந்த அன்றாடம் இங்கிருந்து எடுத்ததுதான் என்பது சில பக்கங்களிலேயே தெரிந்தது.

1748 செப்டம்பர்ப் பகுதியைப் படித்தபோது கை நடுங்கியது. பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். மிஷன் வீதியில் பாதிரிமார் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை அப்போது இடித்தார்கள். இன்று ஈசுவரன் கோயில் வீதியில் நாம் கும்பிடுவது பிறகு எழுந்த கோயில். கவர்னருக்கு அத்தனை வேண்டியவராக இருந்தும் தம் ஊர்க் கோயிலைக் காப்பாற்ற முடியாத ஒரு மனிதரின் வேதனை அந்த வரிகளில் அப்படியே கிடக்கிறது. நாவலில் அந்த இடத்தைக் கண்ணீரோடு கடந்திருந்தேன். கற்பனையென்று தேற்றிக்கொள்ள இனி வழியில்லை.

அப்படியானால் நாவலாசிரியரின் பங்கு என்ன? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பிள்ளை தாம் நின்ற இடத்திலிருந்து ஊரைப் பார்க்கிறார். அதிகாரத்தின் வாசல், வணிகரின் கணக்கு, தம் ஜாதகப் பலன், இவையே அவர் கவலை. பிரபஞ்சன் எல்லா வாசல்களிலும் நுழைகிறார். பிள்ளை ஒரு வரியில் கடந்த மனிதர்களுக்கு மனத்தைக் கொடுக்கிறார். பிள்ளை எழுதாமல் விட்ட மௌனங்களுக்குள்ளும் போகிறார். ஆவணம் எலும்பு என்றால் இவர் சேர்த்தது ரத்த ஓட்டம்.

நாட்குறிப்பில் துணிச் சரக்கு பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் என் மனம் எங்கள் பேட்டைக்கு ஓடிவரும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காகத்தான். முத்தியால்பேட்டை நெசவாளர் ஊர். தெருவில் பாவு விரித்ததையும் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்டதையும் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கப்பலேறிய மூட்டைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட தறிகளில் குனிந்த முதுகுகள் இருந்தன. பள்ளிப் பாடத்தில் சண்டைகளும் தேதிகளுமாக நின்ற வரலாறு, இந்த நாவல் வழியாக என் தெருவரை வந்தது.

நாவலின் ஊற்றான நாட்குறிப்பு நமக்குக் கிடைத்ததும் ஒரு வாசகரால்தான். ரங்கப்பிள்ளை வீதியில் பிள்ளையின் மாளிகையில் கிடந்த அதை 1846இல் அர்மான் கலுவா மோம்ப்ரேன் என்பவர் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து, அதே ஊரில் பிறந்த ஒருவர் அதை நாவலாக்கினார்.

2018 டிசம்பர் 21 அன்று பிரபஞ்சன் மறைந்தபோது புதுச்சேரி அரசு மரியாதையுடன் அவரை வழியனுப்பியது. அந்த மரியாதையை முழுமையாக்க வேண்டியவர்கள் வாசகர்கள். ‘வானம் வசப்படும்’ நாவலில் தொலைந்துபோகிறவர் தம் ஊருக்குள்தான் போய்ச் சேருகிறார். புதுச்சேரியில் இருப்பவர்களே, 1827இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முதலில் நாவலைப் படியுங்கள். அடுத்து நாட்குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள்.