காரில் தனியாகப் போனவர்

ஒரு இசைக்குழு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறது. பாடகர், கிடார் வாசிப்பவர், டிரம்மர் எல்லாரும் ஒரே காரில், சிரிப்பும் கேலியுமாக. பின்னால் இன்னொரு கார். அதில் ஒரே ஒருவர். அவர் டபுள் பேஸ் வாசிப்பவர். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த ராட்சத வாத்தியத்தை ஏற்றிவிட்டால், காரில் மிச்சம் இருப்பது டிரைவர் சீட் மட்டும்தான்.

1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த பால் டட்மார்க் என்ற இசை ஆசிரியருக்கு இதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் மேல் இரக்கப்பட்டுத்தான் அப்பா புது வாத்தியம் செய்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இளையராஜாவின் பாடல்களை ஹெட்போனில் கேட்டிருப்பீர்கள். குரலுக்கும் வயலினுக்கும் அடியில் கனமாக நடந்துபோகும் ஓர் ஒலி இருக்குமே, அதுதான் பேஸ் கிடார். அது இருக்கும்போது பலரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால், பாட்டுக்குக் காலடியில் தரை இல்லாததுபோல ஆகிவிடும்.

டட்மார்க் 1936-ல் செய்தது கிட்டத்தட்ட அதேதான். நான்கு தந்திகள், கெட்டி மரத்தில் உடல், வீணையின் மெட்டுகளைப்போல விரல் வைக்க வரிசையாக ஃபிரெட்டுகள், ஒலியைப் பெருக்க மின்சாரம். கிடாரைப்போல மடியில் வைத்தே வாசிக்கலாம். ஆனால் ரொம்பக் கொஞ்சம்தான் விற்றது. உலகம் அதை மறந்தும் போனது.

15 வருடங்கள் கழித்து அதே வேலையைச் செய்து ஜெயித்தவர் லியோ ஃபெண்டர். வேடிக்கை என்னவென்றால், இவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! படித்தது கணக்கு. பொருளாதாரச் சரிவில் அந்த வேலை போக, 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். இசைக் கலைஞர்கள் பழுதான ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே குறைகளையும் கொண்டுவந்தார்கள்.

எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் முழங்கும் மேடையில் டபுள் பேஸின் சத்தம் எடுபடவில்லை. தூக்கிச் சுமக்கவும் முடியவில்லை. அதில் ஃபிரெட் கிடையாது. விரல் கொஞ்சம் தள்ளிப்போனாலும் சுருதி விலகிவிடும்.

ஃபெண்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். 1951-ல் அவர் கொண்டுவந்த பேஸ் கிடாரில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். டபுள் பேஸில் அது 40 அங்குலத்துக்கும் மேல். ஃபிரெட் இருந்ததால் சுருதி துல்லியமாக நின்றது. அதனால்தான் 'துல்லியம்' என்ற பொருளில் 'ப்ரிசிஷன் பேஸ்' என்று பெயர்.

லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மாங்க் மான்ட்கோமரி இதை மேடை மேடையாக வாசித்துக் காட்டினார். 1960-களில் டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் இதைப் பாடவே வைத்தார். இருவருமே டபுள் பேஸில் இருந்து வந்தவர்கள்தான்.

இரக்கம் டட்மார்க்குக்கும் இருந்தது, திறமையும் இருந்தது. ஃபெண்டருக்குக் கூடுதலாக இருந்தது அந்த ரிப்பேர் கடை. வாசிக்கத் தெரியாததால், 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றையும் வாசிப்பவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தெரியாமையே அவருக்கு மூலதனம் ஆனது.

1965-ல் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் 1976-ல், 'மியூசிக் மேன்' நிறுவனத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து, உள்ளேயே பேட்டரி வைத்த 'ஸ்டிங்ரே' பேஸைக் கொண்டுவந்தார். பார்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போவதை விடவில்லை. 1991-ல், 81 வயதில் காலமானார்.

வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது குறை சொல்ல ஆரம்பித்தால் நமக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஃபுல்லர்டனில் ஒரு கடைக்காரர் அதைப் பொறுமையாகக் கேட்டார். இன்று உலகத்தின் பாட்டுகளுக்கெல்லாம் அடியில் அந்த ஒலி நடந்துகொண்டிருக்கிறது.