அரசருக்குப் போய்ச் சேராத கோட்டை

முதலில் கண்ணில் படுவது பாறைதான். எதுவரை இயற்கையான பாறை, எங்கே மதில் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். இரண்டும் ஒரே மணற்கல். அதன்மேல் குளிர்ந்த, வெளிறிய வெயில். கீழே முன்புறத்து நிழலில் நாட்டுப்புறத்து ஆட்களும் கால்நடைகளும். ஏழே முக்கால் அடி அகலமுள்ள இந்த ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வரைந்தவர் பெர்னார்டோ பெலோட்டோ. வெனிஸ் காட்சிகளால் புகழ்பெற்ற கானலெட்டோவின் மருமகன். மாமனிடமே தொழில் கற்றவர். ஆனால் மாமன் வரைந்த வெயில் இளகியது, இவருடையது கறாரானது. கோட்டைக்குக் கறார்தான் பொருத்தம்.

கோட்டையின் பெயர் கோனிக்ஸ்டைன். ஜெர்மனியின் சாக்சனியில், டிரெஸ்டனுக்குத் தென்கிழக்கே, எல்பே ஆற்றிலிருந்து 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அடிவாரத்து ஊருக்கும் அதே பெயர். மேலே முற்றுகையைத் தாங்க வேண்டிய எல்லாம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு பாறையைக் குடைந்து தோண்டிய கிணற்றின் ஆழமே 152.5 மீட்டர். எந்தப் படையும் இதைத் தாக்கிப் பிடித்ததில்லை. 1848இல் செபாஸ்டியன் அப்ராட்ஸ்கி என்ற புகைபோக்கி துடைக்கும் ஆள், பாறைப் பிளவில் தொற்றி வெறுங்கையோடு ஏறிவிட்டார் என்பது வேறு கதை!

சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்து அரசருமான மூன்றாம் அகஸ்டஸ், இந்தக் கோட்டையைப் பல பக்கங்களிலிருந்து ஐந்து பெரிய ஓவியங்களாக வரையச் சொன்னது 1756இல். பெருமைக்குரிய கோட்டை, பெருமைக்குரிய ஓவியர். அரண்மனைச் சுவருக்கு வேறென்ன வேண்டும்? அதே ஆண்டு ஆகஸ்டு கடைசியில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் போர் அறிவிக்காமலேயே சாக்சனிக்குள் நுழைந்தார். ஏழாண்டுப் போர் தொடங்கியது.

அகஸ்டஸ் அடைக்கலம் புகுந்தது கோனிக்ஸ்டைனில்தான். அவருடைய படை பிர்னாவுக்கும் கோனிக்ஸ்டைனுக்கும் இடையே பிரஷ்யர்களின் வளையத்துக்குள் சிக்கிப் பசியில் வாடியது. அக்டோபரில், ஆற்றுக்கு அக்கரையில் கோட்டைக்கு எதிரே நிற்கும் லிலியன்ஸ்டைன் குன்றின் அடியில், சுமார் 18,000 வீரர்கள் சரணடைந்தார்கள். சாதாரண வீரர்களைப் பிரெடரிக் அப்படியே தன் படையில் சேர்த்துக்கொண்டார். மேலே கோட்டைக்கு ஒரு கீறலும் இல்லை. கீழே நாடு போய்விட்டது. அகஸ்டஸ் வார்சாவுக்குக் கிளம்பினார்.

பெலோட்டோ மட்டும் வேலையை விடவில்லை. ஐந்தையும் 1758வாக்கில் முடித்தார். வாங்க அரசர் ஊரில் இல்லை, கொடுக்கக் கருவூலத்தில் பணமும் இல்லை. அவர் பிழைப்புத் தேடி வியன்னா போயிருந்தபோது, 1760இல் பிரஷ்யப் பீரங்கிகள் டிரெஸ்டனில் அவர் வீட்டை அழித்தன.

ஓவியங்கள் எப்படியோ இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று நான்கு பிரிட்டனிலும் ஒன்று வாஷிங்டனிலும் இருக்கின்றன. ஜெர்மனியில் ஒன்றுகூட இல்லை. 2021இல் ஐந்தையும் சில மாதங்கள் ஒரே கண்காட்சியில் மாட்டினார்கள், அதுவும் லண்டனில்.