பாதிரியும் தில்லையும்

கடலூர் மாவட்டத்தின் பழம்பதிகளுள் இரண்டு, மரங்களின் பெயரால் வழங்குகின்றன. தில்லை மரங்கள் அடர்ந்திருந்த இடம் தில்லை ஆயிற்று. பாதிரி நின்ற புலியூர் திருப்பாதிரிப்புலியூர் ஆயிற்று. புலிக்கால் முனிவர் இரண்டு இடங்களிலும் வழிபட்டார் என்பது தலபுராணம். சிதம்பரத்திற்குப் பெரும்பற்றப்புலியூர் என்னும் பெயர் வந்ததும் அவரால்தான் என்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களுள் பாதிரியும் தில்லையும் இடம்பெற்றுள்ளன. ஆயினும், இன்று சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளில் தில்லைக் காட்டைத் தேடுவோர் ஏமாறுவர். கடலூர் வீட்டுத் தோட்டங்களிலும் பாதிரியைக் காண்பது எளிதன்று.

பாதிரி இலையுதிர் மரம். பின்பனியில் இலைகளைக் கழித்து வெறுங்கிளையாய் நிற்கும்; வேனிலில் பூக்கும். பாலைத் திணைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தவர்கள், பாதிரியை அத்திணையின் பூவாகக் கொண்டது எத்துணைப் பொருத்தம்! புனல் வடிவான அப்பூவின்மேல் மென்மயிர் படர்ந்திருக்கும். மணமோ எளிதில் விலகாதது. பாதிரிப்பூவைச் சேர்ந்த புதுமண் ஓடு, தன்னில் ஊற்றும் தண்ணீருக்கும் அம்மணத்தைத் தருகிறது. கற்றாரோடு பழகும் கல்லாதவருக்கு நாலடியார் இதனையே உவமையாக்கியது. திருப்பாதிரிப்புலியூர் இறைவனின் பாடலேசுவரர் என்னும் பெயரிலும் இம்மரமே உள்ளது. பாடலம் என்பது பாதிரியின் வடமொழிப் பெயர்.

இதனை வளர்க்க விரும்புவோர் முதலில் காயைக் கவனிக்க வேண்டும். நீண்ட காய் முற்றி வெடித்தால், சிறகுடைய விதைகள் காற்றோடு போய்விடும். ஆகவே, நிறம் மாறியதும் பறித்து நிழலில் உலர்த்துதல் நன்று. விதையை ஆழப் புதைக்கலாகாது. மேலாக மணல் தூவினால் போதும். பையில் வளர்ந்த கன்றை ஐப்பசி மழையின் தொடக்கத்தில், வெயில் படுவதும் நீர் தேங்காததுமான இடத்தில் நட வேண்டும். பெருமரமாக வளரக்கூடியது, சுவரை ஒட்டி நடுதல் தவறு. கடலூர்க் கரைக்குப் புயல் புதிதன்று. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. எனவே, இளங்கன்றுக்கு ஊன்றுகோல் தேவை. வேண்டாத கிளைகளைப் பூத்து முடிந்தபின் கழிக்கலாம். முன்னரே கழித்தால் அவ்வாண்டின் பூவை இழக்க நேரும்.

நோயைவிட மனிதரின் அவசரமே பாதிரிக்குப் பெரிய கேடு. இலையற்ற திங்களில் அதனைப் பட்டமரம் என எண்ணி வெட்டிவிடுவோர் உண்டு. சிறுகிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால், உள்ளே பசுமை தெரியும். அதுவரை கோடரி காத்திருக்கட்டும். மருத்துவத்தில் கூறப்படும் பத்து வேர்களாகிய தசமூலத்துள் பாதிரி வேரும் ஒன்று. வேரைத் தோண்டி எடுத்தபின் மரம் ஏது?

தில்லையின் இயல்பு வேறு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். வீட்டுத் தோட்டத்திற்கு அது ஆகாது. ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. இலைகள் உதிருமுன் சிவக்கும். உவர்நிலத்தை விரும்பும் அம்மரத்தை, இன்று சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில், சுரபுன்னையோடும் வெண்கண்டலோடும் காணலாம். முன்னர் அங்கு முறைவைத்து மரம் வெட்டியதால் நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது, புதுக்கன்றுகள் பிழைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதத்தின்போது நீர் ஏறி, வற்றத்தின்போது உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அதன்பின் நட்ட கன்றுகள் வேர்பிடித்தன. வண்டல் படிந்தால் கால்வாய் மேடாகிவிடும். ஆகவே, அங்கே மரம் வளர்ப்போரின் கையில் இருப்பது பூவாளியன்று, தூர்வாரும் மண்வெட்டி.