விழுவது நிஜம்

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறக்க இன்னும் இரண்டு நாள். அடையாறில் பையன் வீட்டில் தங்கியிருந்தேன். காலை ஆறரை மணிக்கு எழுந்து ஹாலுக்கு வந்தால், ஸ்கூல் நாளில் தண்ணீர் தெளித்தாலும் எழுந்திருக்காத பேரன், போர்வையைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எட்டு வயசு.

"தாத்தா, இன்னிக்கு ஜான் சீனாவுக்கு லாஸ்ட் மேட்ச். நடுவுல பேசக் கூடாது."

பேசவில்லை. இரண்டு ரவுண்டு காபி ஆனது. கடைசியில் ஜான் சீனா வந்தார். பதினேழு தடவை சாம்பியன். 'ஒருநாளும் விட்டுக்கொடுக்காதே' என்பதை பனியனில் அச்சடித்தே கோடிக்கணக்கில் விற்றவர். வாஷிங்டனில் அவருடைய கடைசிப் போட்டி. எதிரே குந்தர் என்ற ஆஸ்திரியாக்காரர். கழுத்தைச் சுற்றிப் போட்ட பிடியை அவர் தளர்த்தவே இல்லை. சீனா லேசாகச் சிரித்தார். பிறகு கையால் தட்டி, 'போதும், தோற்றேன்' என்று ஒப்புக்கொண்டார். அரங்கத்தில் ஒரே கூச்சல்.

திரும்பிப் பார்த்தால் பேரன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறான். மூக்கைப் போர்வையில் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"தாத்தா, இது நிஜமா, பொய்யா? எங்க கிளாஸ்ல எல்லாரும் பொய்யிங்கறாங்க."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இதே கேள்விக்கு ஏற்கெனவே ஒரு தடவை பதில் எழுதி ஃபெயில் ஆனவன் நான்.

* * *

எங்கள் குடும்பத்துக்கும் குஸ்திக்கும் மூன்று தலைமுறை உறவு. யாரும் ஒரு தண்டால் எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா மயிலாப்பூர்க்காரர். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. சபாவில் கச்சேரி, கபாலி கோயிலில் அறுபத்துமூவர், இது இரண்டையும் விட்டால் அவர் வாய் ஓயாமல் பேசியது கிங்காங்கைப் பற்றித்தான். மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் கிங்காங்கும் தாராசிங்கும் மோதியதை, காலரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவராம். கிங்காங்கின் நிஜப் பெயர் எமில் சாஜா. ஹங்கேரியில் பிறந்தவர். நானூறு பவுண்டுக்குக் குறையாத உடம்பு என்பார்கள். ஒரு வேளைக்கு எத்தனை கோழி, எத்தனை டஜன் முட்டை என்ற புள்ளிவிவரம் மட்டும் அப்பா சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகும். அதற்கப்புறம் பல வருஷங்களுக்கு மெட்ராஸில் பருமனாக எவர் நடந்தாலும் அவருக்குப் பெயர் கிங்காங்தான்.

தாராசிங் 1928-ல் பஞ்சாபில் பிறந்து, சிங்கப்பூர் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். 1968-ல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். பிற்பாடு டிவி ராமாயணத்தில் அனுமார். ராஜ்யசபா எம்.பி.யும்கூட. 2012-ல் காலமானார்.

அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன்: "ராத்திரி அடிச்சுக்கறவங்க காலைல ஒரே ரயில்ல அடுத்த ஊருக்குப் போறாங்களாமே?"

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "இருக்கட்டுமேடா. மனோகர் நாடகத்துல ராவணன் சாகப்போறான்னு தெரிஞ்சுதானே டிக்கெட் வாங்கறோம்?"

ஆர்.எஸ்.மனோகரின் 'இலங்கேஸ்வர'னை அவர் நாலு தடவை பார்த்தவர். அந்தப் பதிலின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

* * *

அமெரிக்காவில் இந்த ஒரே ரயில் சமாசாரம் பெரிய விவகாரமே ஆகியிருக்கிறது. 1987-ல் நியூஜெர்சியில் ஒரு காரைப் போலீஸ் நிறுத்தியது. உள்ளே அமெரிக்கக் கொடி பிடித்து வரும் ஜிம் டக்கன். பக்கத்து சீட்டில் ஈரான் கொடி பிடித்து வரும் அயர்ன் ஷேக். மேடையில் ஜன்மப் பகைவர்கள். காரில் போதைப் பொருள் இருந்ததைவிட, இருவரும் ஒரே காரில் போனதுதான் கம்பெனிக்கு அவமானமாகப் போயிற்று. இருவருக்கும் வேலை போனது. அந்தத் தொழிலில் ஹீரோவும் வில்லனும் ஒரே ஓட்டலில் சாப்பிடுவதுகூடக் குற்றம். ரகசியத்தைக் காப்பாற்றுவதற்குத் தனியாக ஒரு பரிபாஷையே வைத்திருந்தார்கள். 'கேஃபேப்' என்று பெயர்.

இரண்டே வருஷத்தில் அந்த ரகசியத்தைக் கம்பெனியே போட்டு உடைத்தது. 1989-ல் அதே நியூஜெர்சி சட்டசபையில், 'இது விளையாட்டே அல்ல, கேளிக்கை' என்று எழுதிக் கொடுத்தார்கள். காரணம் ஞானோதயம் அல்ல. விளையாட்டு என்றால் கமிஷன், லைசென்ஸ், வரி. கேளிக்கை என்றால் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

தி.நகரில் என் பையனுக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை. 98-ல் அவனுக்குப் பத்து வயசு. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வாங்கிய டிரம்ப் கார்டு ஒரு கட்டு எப்போதும் டவுசர் பாக்கெட்டில் இருக்கும். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடம். பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் வராது. எடை கேட்டால் யோகோசூனாவை அடிக்க ஆளில்லை. ஜப்பானிய சுமோ வீரராக நாங்கள் பார்த்த அந்த யோகோசூனா, அமெரிக்காவில் பிறந்த சமோவா வம்சத்துக்காரர் என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், அதில் நாலு செலவாகிவிட்டது என்பது எங்கள் தெருப் பையன்களின் கணக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் கேபிளில் போடுவான். "அப்பா வாயேன், ஆரம்பிச்சாச்சு!" என்று கூப்பிடுவான். நானும் ஆபீஸ் பையோடு அப்படியே உட்காருவேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே விஷயம் அது.

ஒருநாள் கால் பரீட்சை மார்க் ஷீட் வந்தது. கணக்கில் முப்பத்திரண்டு. கோபத்தில் டிவியை அணைத்தேன். "எல்லாம் டூப்புடா! யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு அடிச்சுக்கற மாதிரி நடிக்கறான். இதைப் பார்த்துட்டு நீ வாழ்க்கையில தோத்துட்டு நிக்கப்போறே!"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்பதை நிறுத்தவும் இல்லை. என்னைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

* * *

1999 மே மாதம். லீவு. ஒருநாள் காலையில் பேப்பரை நீட்டிக்கொண்டு வந்தான்.

மே 23 அன்று கன்சாஸ் சிட்டி அரங்கத்தில் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியபடி இறங்கி வர வேண்டும். கொக்கி முன்னதாகவே விடுபட்டது. எழுபத்தெட்டு அடி உயரத்திலிருந்து மேடையில் விழுந்தார். முப்பத்துநாலு வயசு. அரங்கத்தில் பலர் அதையும் ஆட்டத்தில் சேர்த்தி என்றுதான் நினைத்தார்கள். 'இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல' என்று டிவி வர்ணனையாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. உயிர் போய்விட்டது. அதற்குப் பின்னும் மிச்சப் போட்டிகளை அதே மேடையில் நடத்தி முடித்தார்கள்.

பையன் கேட்டான்: "நடிப்புன்னு சொன்னியே, அப்புறம் ஏம்ப்பா செத்துப்போனார்?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத அப்பாக்கள் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னேன்: "போய்ப் படிடா."

அந்தப் பதிலைத் தேடி, ரிட்டயர் ஆனபிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஜெயிப்பது யார் என்பது முன்கூட்டியே தெரியும். குத்தும்போது காலால் மேடையை உதைத்துச் சத்தம் எழுப்புவார்கள். நெற்றி ரத்தம் பல சமயம் ஒளித்து வைத்த பிளேடு துண்டால் தாங்களே கீறிக்கொண்டது. அந்த ரத்தம் சாயம் இல்லை, சொந்த ரத்தம். மேடையை மெத்தை என்று நினைக்காதீர்கள். இரும்புச் சட்டம், மேலே பலகை, அதற்கு மேல் மெல்லிசான ஃபோம், கான்வாஸ் துணி, அவ்வளவுதான். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி கையை விரித்து விழவேண்டும். தொழில் கற்க வருபவனுக்கு முதல் பாடமே இதுதான். வலியை முதுகெங்கும் பரத்தலாம். இல்லாமல் பண்ண முடியாது.

தூக்குபவன், தூக்கப்படுபவன் இருவரும் கூட்டாளிகள். தலைகீழாகத் தொங்கும்போது உங்கள் கழுத்து எதிராளியின் கையில். ஒரு அங்குலம் தவறினால் போச்சு. அப்படித் தவறிய கை ஒன்று, இதே ஓவன் ஹார்ட்டுடையது. 1997 ஆகஸ்டில் அவர் தலைகீழாக இறக்கியதில் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டு, கொஞ்ச நேரம் கைகாலை அசைக்க முடியவில்லை. 2003-ல் ஆஸ்டின் ஓய்வு பெற அந்தக் கழுத்தும் ஒரு காரணம். 1998-ல் மிக் ஃபோலி கூண்டின் உச்சியிலிருந்து மேஜைமேல் விழுந்தது ஏற்பாடு. பிறகு கூண்டின் கூரையே பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது ஏற்பாடு இல்லை. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் மோதி, பல் உடைந்து மூக்குக்குள் போய்விட்டது. எழுந்து நின்று மீதி ஆட்டத்தை ஆடி, திட்டப்படி தோற்றார்.

இத்தனைக்கும் இவர்கள் கம்பெனியின் ஊழியர்கள் இல்லை, 'சுயேச்சைக் கான்ட்ராக்டர்கள்'. தொழிற்சங்கம் கிடையாது. நம் வடபழனி ஸ்டன்ட் கலைஞர்களுக்காவது ஒரு சங்கம் இருக்கிறது. இருந்தும் 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கத்தில் படப்பிடிப்பில் கார் சாகசம் செய்தவர் இறந்துபோனார். வண்டி எங்கே பல்டி அடிக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்த காட்சிதான் அதுவும்.

* * *

'நிஜமாகவே அடித்துக்கொள்ளட்டுமே' என்பவர்களுக்கும் கடை திறந்தார்கள். 1993-ல் டென்வரில் தொடங்கியது யூ.எஃப்.சி. குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை. இங்கே ஜெயிப்பது யார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. முதல் போட்டியில் ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி, தன்னைவிடப் பெரிய ஆட்களைக் கழுத்தைப் பிடித்தே மடக்கினார். 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்துப் பெண் பூஜா தோமர் அங்கே ஜெயித்த முதல் இந்தியர் ஆனார்.

வேடிக்கை என்னவென்றால், 2023 செப்டம்பரிலிருந்து நிஜச் சண்டைக்கும் நாடகச் சண்டைக்கும் ஒரே முதலாளி. டி.கே.ஓ. என்ற கம்பெனியின் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. நிஜத்தில் அடி வாங்கினவர்களும் திருப்தியாக இல்லை. சம்பளத்தை அமுக்கிவிட்டார்கள் என்று யூ.எஃப்.சி. வீரர்கள் போட்ட வழக்கில் 37.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள, 2025-ல் கோர்ட் ஒப்புதல் தந்தது. ஆக, நிஜமோ நாடகமோ, வலிக்குரிய கூலியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கிங்காங்கின் முடிவையும் படித்தேன். ஊர் ஊராகப் போய் ஆடியவர், மலேசியாவில் ஒரு கார் விபத்தில் அடிபட்டு, 1970-ல் சிங்கப்பூரில் இறந்துபோனார். அதை அப்பாவிடம் சொல்ல நினைத்தபோது அப்பா இல்லை.

* * *

பேரன் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

"யார் ஜெயிக்கணும்கறதை முன்னாடியே பேசி வச்சுக்கறாங்க. அது நிஜம் இல்லை," என்றேன். அவன் முகம் சுருங்கியது. அவசரமாகத் தொடர்ந்தேன். "ஆனா மேலேருந்து விழறாங்க பாரு, அது நிஜம். வலி நிஜம். இந்த சீனா இருபது வருஷத்துக்கு மேல விழுந்துட்டு இன்னிக்கு வீட்டுக்குப் போறார். அதுவும் நிஜம்."

"அப்போ நான் அழுதது?"

"அதுவும்தான்."

கொஞ்சம் யோசித்தான். "அப்போ நான் சோபாலேருந்து குதிச்சா?"

"கால் உடையறது நிஜம். அப்புறம் உங்கம்மாகிட்ட வாங்கறதும் நிஜம்."

கிச்சன் வாசலில் பையன் காபி டம்ளரோடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா," என்றான்.

"அன்னிக்கு எனக்குத் தெரியாதுடா," என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பேரனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ரிமோட்டை எடுத்து, சீனா நடந்து வந்த இடத்திலிருந்து திரும்பப் போட்டான்.

"வாப்பா, தள்ளி உட்காரு. ஆரம்பத்துலேருந்து பார்க்கலாம்."