தலைப்பில் இடம்பெறாதவர்கள்

2013 செப்டெம்பரில் பூநகரிப் பகுதியிலிருந்து செய்தியொன்று என் மேசைக்கு வந்தது. கிராஞ்சி, வலைப்பாடு, வேரவில் ஆகிய மூன்று கிராமங்களின் தாய்மார், பிள்ளைகளைப் பரிசோதிப்பதாகச் சொல்லி ஆகஸ்ட் 31ஆந் திகதி அழைக்கப்பட்டு, தோலின் கீழ் வைக்கும் கருத்தடைக் குச்சிகளை ஏற்கும்படி வற்புறுத்தப்பட்டனர் என்பதே அதன் சாரம். 'சோஷல் ஆர்க்கிடெக்ட்ஸ்' என்ற அமைப்பு இதுபற்றி விரிவான அறிக்கையொன்றையும் வெளியிட்டது. வற்புறுத்தல் எதுவும் நிகழவில்லை, சம்மதம் பெற்றே செய்யப்பட்டது எனச் சுகாதாரத் தரப்பினர் மறுத்தனர்.

நாம் பெரிய எழுத்தில் தலைப்பிட்டோம். இனத்தைக் கருவிலேயே அறுக்கும் முயற்சி என்ற தொனியில் அமைந்த அந்தத் தலைப்பை எழுதியவன் நானே. செய்தி தவறென்று இன்றும் நான் கருதவில்லை. ஆயினும் அந்தப் பெண்கள் என்ன விரும்பினார்கள், இரண்டு பிள்ளைகளுக்கிடையில் இடைவெளி வேண்டியவர்கள் அவர்களுள் இருந்தார்களா என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரிகைத் தொழிலில் இது எனக்கு உறுத்தும் ஒரு குறை.

அதை உணர்த்தியவர் முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. சில ஆண்டுகளின் பின் வேறொரு விடயமாக அங்கு சென்றிருந்தேன். பேச்சு எப்படியோ இதில் வந்து நின்றது. அவர் சொன்னார்: "ஐயா, ஊசி, குளிசை, குச்சி எண்டு எல்லாத்துக்கும் எங்களைத்தான் கூப்பிடுகினம். சனம் அழிஞ்சு போச்சு, நிறையப் பெறுங்கோ எண்டு மேடையிலை சொல்லுறவையும் எங்களுக்குத்தான் சொல்லுகினம். எங்களுக்கு எத்தினை பிள்ளை வேணுமெண்டு ஒருதரும் கேக்கேல்லை. பேப்பர்காரரும் கேக்கேல்லை."

நான் குனிந்து தேநீரைக் குடித்தேன்.

2009இல் அத்தனை உயிர்களைப் பறிகொடுத்த மண்ணில் குடும்பத் திட்டமிடல் என்ற சொல்லே சந்தேகத்தோடு கேட்கப்படுவதில் வியப்பில்லை. அந்தச் சந்தேகம் போரோடு மட்டும் பிறந்ததுமல்ல. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு அரசு பணம் கொடுத்தது. ஒரு கட்டத்தில் அது 500 ரூபா. நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு 500 ரூபா எத்தகைய 'சுதந்திரமான' தெரிவைக் கொடுத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இத்தனைக்கும் இலங்கை இத்துறையில் பின்தங்கிய நாடல்ல. குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953இலேயே தோன்றியது. 1965இல் அரசு இதனைத் தாய் சேய் நலப் பணியோடு இணைத்துக்கொண்டது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. போருக்குப் பிந்திய வன்னியில் தட்டுப்பாடாக இருந்தவர்களும் அவர்களே. பழகிய முகம் வராத இடத்தில் ஒருநாள் முகாம் வருகின்றது. முகாமுக்கு எண்ணிக்கை வேண்டும்.

வேரவில் செய்தியில் பேசப்பட்ட 'ஜடெல்' என்பது மேற்கையில் வைக்கப்படும் இரண்டு மெல்லிய குச்சிகள். ஐந்தாண்டுகள் பலன் தரும். நல்ல முறைதான். ஆனால் குளிசை பிடிக்காவிட்டால் எறிந்துவிடலாம். இதை எடுப்பதற்கோ பயிற்சி பெற்ற கை வேண்டும். உதிரப்போக்கு ஒழுங்கு தவறினால், தலையிடி தொடர்ந்தால், மனம் மாறினால் அந்தப் பெண் எங்கே போவாள்? பேருந்து அரிதாக ஓடும் கிராமத்தில் இது சிறிய கேள்வியன்று.

இந்தக் கேள்வியைத் தனியொரு பெண் வெள்ளை உடுப்புக்கு முன்னால் கேட்கமாட்டாள். இருபது பேர் கொண்ட சங்கம் கேட்கும். கிராமச் சங்கங்களை வலுப்படுத்துவது என்று நிறுவனங்கள் பேசும்போது பதாகையும் பயிற்சிப் பட்டறையும் மதியச் சோற்றுப் பொதியும்தான் பெரும்பாலும் கண்ணிற் படுகின்றன. அதிகாரிக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பதே சங்கத்தின் வேலை என்றாகிவிட்டது.

அந்தத் தலைவி வேறு விதமாகச் செய்தார். சிகிச்சை நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே குடும்பநல உத்தியோகத்தரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தார். அன்று எவருக்கும் எதுவும் வைப்பதில்லை, விளக்கம் மட்டும் என்பது நிபந்தனை. விரும்பியவர்கள் கணவருடன் வரலாம். வேண்டாம் என்பவரின் பெயரை எவரும் எழுதக் கூடாது. முதற் கூட்டத்துக்கு ஆறு பெண்கள்தான் வந்தார்களாம். அவர்களுள் இருவர், இதற்காகவே ஊருக்குத் தெரியாமல் நகரத்துக்குப் போய்வந்தவர்கள்.

அக்கூட்டத்தில் தலைவி கேட்ட முதற் கேள்வி, "வைக்கிற நாளைச் சொல்லுறியள், எடுக்கிற நாள் எது?" என்பது. அதற்குத் திகதியோடு பதில் வர மூன்று கூட்டங்கள் சென்றன. அந்தத் திகதியைச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, உத்தியோகத்தரிடம் கையொப்பமும் வாங்கியிருந்தார். பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார்.