காய்ச்சல் விட்ட அந்த நாள்

2017ஆம் ஆண்டு மார்ச் மாதம். வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் விடிகாலை நேரம். ஆறு வயது மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நான்கு நாட்களாகக் கொதித்துக் கிடந்த நெற்றி குளிர்ந்திருந்தது. துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்த என் கணவருக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டுது. இண்டைக்கு வீட்டுக்கு வந்திடலாம்" என்றேன்.

டெங்குக் காய்ச்சலில் மிகவும் பயப்பட வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் சகோதரிகளே.

அந்த ஆண்டை எங்கள் மாவட்டத்துத் தாய்மார் யாரும் மறக்கமாட்டார்கள். கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியது. உயிர்கள் போயின. இலங்கை முழுவதும் அந்த ஒரே ஆண்டில் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம், திருகோணமலை நகரில் இருந்த எங்களுக்கும் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறும்.

மகளுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்று பனடோல் பாணி கொடுத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் மீண்டும் சுட்டது. பக்கத்து வீட்டில் மிஞ்சிக் கிடந்த, காய்ச்சலை உடனே இறக்கும் மருந்து ஒன்றை மாமி வாங்கி வந்தார். நல்ல வேளையாக எங்கள் பகுதி மருத்துவிச்சி அம்மா அந்த நேரம் வீட்டுக்கு வந்தார். போத்தலை வாசித்துவிட்டுத் தடுத்தார். அது ஐபுபுரோபன். டெங்குவாக இருந்தால் ஐபுபுரோபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் போன்றவை வயிற்றிலும் குடலிலும் இரத்தம் கசிய வைத்துவிடும். பரசிற்றமோல் மட்டும், அதுவும் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறைதான் என்றார். மூன்றாம் நாள் குருதியைப் பரிசோதிக்கச் சொன்னதும் அவர்தான். பரிசோதித்தோம். குருதிச் சிறுதட்டுகள் குறையத் தொடங்கியிருந்தன. உடனே விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் காலை, காய்ச்சல் விட்டிருந்த அந்த நேரத்தில், சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. பிள்ளைக்கு அருகே ஒரு தாளைத் தொங்கவிட்டார்கள். ஒரு அளவுக் கோப்பையைத் தந்தார்கள். "அளந்துதான் குடிக்கக் கொடுக்க வேணும், கேட்டபடி எல்லாம் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தாதி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவரை மறித்துக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

முதல் மூன்று நாளும் "நல்லாத் தண்ணி கொடுங்கோ, கஞ்சி கொடுங்கோ, இளநீர் கொடுங்கோ, ஜீவனி கரைச்சுக் கொடுங்கோ" என்றவர்கள் இப்போது அளந்து கொடு என்கிறார்கள். பிள்ளையோ உதடு காய்ந்து "அம்மா தண்ணி" என்று கெஞ்சுகிறாள். எந்தத் தாய் பொறுப்பாள்? மாமி கொண்டு வந்த இளநீரைச் சேலைத் தலைப்பால் மறைத்துக் கொடுத்தேன். பின்னேரம் இன்னொரு போத்தல். தாளில் எதையும் எழுதவில்லை.

இரவு எட்டு மணியளவில் மகள் வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கினாள். வயிறு ஊதியிருந்தது. வைத்தியர் ஓடிவந்தார். ஸ்கேன் செய்தபோது நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் தேங்கியிருந்தது தெரிந்தது. தாளைப் பார்த்தார். "இவ்வளவுதானே குடிச்சிருக்கிறா? கணக்குச் சரிவரேல்லையே அம்மா" என்றார். அப்போதுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. முதலில் சேலைனைக் குறைத்தார். பிள்ளையின் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பலமுறை பார்த்தார். நள்ளிரவு தாண்டி மூச்சு சற்றுச் சீரானதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"வீட்டில மண்பானை இருக்கோ அம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"புதுப் பானையில தண்ணி ஊத்தினா வெளிப்பக்கம் கசியுமெல்லே. டெங்குவில சிறிய இரத்தக் குழாய்கள் அப்பிடித்தான் கசியும். பெரும்பாலும் காய்ச்சல் விடுற நேரம்தான் தொடங்கும். ஒன்று அல்லது இரண்டு நாள் கசியும். குழாய்க்குள்ள இருக்க வேண்டிய நீர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போயிடும். குறைவாகக் கொடுத்தால் இரத்த ஓட்டம் விழுந்து பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகும். கூடக் கொடுத்தால் அதுவும் கசிஞ்சு நெஞ்சை நிரப்பி மூச்சை அடைக்கும். அதனாலதான் அளவு."

இருபது கிலோ நிறையுள்ள என் பிள்ளைக்கு, கசியும் 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து, சேலைனும் வாயால் குடிப்பதுமாக ஏறக்குறைய இரண்டரை லீற்றர்தான் கணக்கு என்றார். அதையும் ஒரேயடியாக அல்ல, பிள்ளையின் நிலை பார்த்து மணிக்கு மணி மாற்றிக் கொடுக்க வேண்டும். சிறுநீர் மணித்தியாலத்துக்குப் பத்து முதல் இருபது மில்லிலீற்றர் போனால் போதும். அதற்கும் குறைந்தால் நீர் போதவில்லை. மிகக் கூடினால் நாங்கள் கூடக் கொடுக்கிறோம். 1958இல் பாங்கொக்கில் இந்த நோய் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனதையும், அந்நகரச் சிறுவர் வைத்தியசாலையில் சுசித்திரா நிம்மானித்யா போன்ற வைத்தியர்கள் பல ஆண்டுகள் கட்டிலருகே கவனித்தே இந்த நீர்க் கணக்கை உலகுக்குக் கற்றுத் தந்ததையும் சொன்னார். "டெங்கு வைரசைக் கொல்ல மருந்து இல்லை அம்மா. இந்தக் கணக்குத்தான் மருந்து. நீங்கள் எழுதுற தாள்தான் எங்கட கண்."

அந்த ஒரு வார்த்தை என்னை மாற்றிவிட்டது. அதன் பிறகு ஒரு மிடறும் தவறாமல் எழுதினேன். சிறுநீரைப் பாத்திரத்தில் பிடித்து அளந்தேன். கை, கால் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் கேட்டபோது உதட்டை நனைத்து, கதை சொல்லி, அடுத்த அளவு வரும்வரை காத்திருக்க வைத்தேன். முந்திய நாள் எனக்குக் கொடுமையாகத் தெரிந்த அதே வைத்தியம், காரணம் விளங்கியதும் என் கையிலிருந்த காவலாகத் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாய் இருந்தார். அவரது மகனுக்கும் அன்று காய்ச்சல் விட்டிருந்தது. துண்டு வெட்டித் தரச் சொல்லி, உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் மண்பானைக் கதையைச் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கட தெருவில ஒரு புள்ள காய்ச்சல் விட்டு எழும்பி விளையாடின அண்டைக்குத்தான் மௌத்தாச்சு தங்கச்சி. எதுக்கெண்டு இப்பதான் விளங்குது" என்றார். அன்றிரவு நாங்கள் இருவரும் மாறி மாறி விழித்திருந்து இரண்டு தாள்களையும் எழுதினோம்.

ஆறாம் நாள் மகள் "பசிக்குது" என்றாள். சிறுநீர் தாராளமாகப் போனது. கால்களில் சிவந்து கடித்தது. கசிந்த நீர் திரும்பிவிட்டது, இது குணமாகும் அடையாளம் என்றார் வைத்தியர். கிண்ணியாப் பிள்ளையும் அடுத்த நாள் வீடு போனான்.

சகோதரிகளே, காய்ச்சல் விட்ட பின்பும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிற்று வலி இருந்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், கை கால் குளிர்ந்தால், ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், எங்காவது இரத்தம் கசிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இப்போது 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். காய்ச்சல் நாட்களில் சிவப்பு, கபில நிறப் பானங்களையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும். வீட்டில் நீர் சேர்த்து வைக்கும் பரல், வாளிகளைக் கிழமைக்கு ஒருமுறை உட்சுவர் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, டெங்கு என்றாலும் வேறு எந்த வருத்தம் என்றாலும், வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளைக்கு என்ன வருத்தம்? இதை ஏன் கொடுக்கிறீர்கள், அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? எதைக் கண்டால் நான் உங்களைக் கூப்பிட வேண்டும்? மொழி விளங்காவிட்டால் விளங்கிய ஒருவரை அழைத்துக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நான் கேட்காமல் விட்டதற்கு என் பிள்ளைதான் ஓர் இரவு மூச்சுத் திணறினாள்.

அந்தத் தாளின் பிரதி ஒன்றை வைத்தியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். மகளின் பிறப்புச் சான்றிதழோடு அதுவும் என் அலுமாரியில் இருக்கிறது. முதல் நாளில் எழுதாமல் விட்ட வெற்றுக் கட்டங்கள் அதில் அப்படியே இருக்கின்றன.