வாலை நறுக்கினாலும் பகா எண்

73939133 ஒரு பகா எண். கடைசி இலக்கத்தை அழித்தால் 7393913. அதுவும் பகா எண். அப்படியே 739391, 73939, 7393, 739, 73, 7. இந்த ஜாதி எண்கள் மொத்தமே 83, இதுதான் பெரியது. இன்னோர் இலக்கம் ஒட்டிப் பாருங்களேன். 1, 3, 7, 9 தவிர வேறெதுவும் ஆகாது. 1 ஒட்டினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 39, 7 ஒட்டினால் 45, மூன்றால் வகுபட்டுவிடும். 3, 9 இரண்டும்கூடத் தேறாது.

பகா எண்ணை எனக்குச் சொல்லித்தந்தவர் அண்ணன். இப்போது அவருக்கு மறதி நோய். என் பெயரும் போய்விட்டது. ஞாயிறுதோறும் போய், சிலேட்டில் எழுதி ஒவ்வோர் இலக்கமாக அழித்துக்காட்டுவேன். போன வாரம் 739 நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா, 27 வரைக்கும் வகுத்துப் பாத்தியா?"

சரிதான். 27-ன் வர்க்கம் 729. அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை.